பின்தெருவுக்கு எது மேல்?

முதல் நோயாளியே இப்படி வாய்ப்பார் என்று டாக்டர் எதிர்பார்க்கவில்லை.

வந்தவர் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர். கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் சாய்ந்தார். "மேல் கடைவாய்ப் பல்லு, டாக்டரம்மா. உயிர் போகுது," என்றார். டாக்டர் மேல் வரிசையைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கல்லைக் கடித்தால் கல்தான் உடையும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"இங்கயா?"

"இல்ல, மேல."

"இங்க?"

"அட, மேலங்கிறேன்ல!"

அதற்கும் மேலே மூக்குதான் இருந்தது. அதையும் தாண்டினால் கண் டாக்டரிடம்தான் அனுப்ப வேண்டும். நம் டாக்டருக்கோ சொந்தமாக மருத்துவமனை திறந்த முதல் நாள். கீழ் வரிசையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை; ஆள்தான் மேல் மேல் என்று அடித்துச் சொல்கிறாரே! வலி ஓரிடத்தில் இருந்து வேறோர் இடத்தில் தெரிவதும் உண்டு என்று படித்தது நினைவுக்கு வர, மேல் ஈறில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டார். மேல் உதடும் பாதி மூக்கும் மரத்துப்போயின. வலி மட்டும் இருந்த இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் உதவிக்கு நின்ற நர்சக்கா டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்தார். நர்ஸ் படிப்பெல்லாம் அவர் படித்ததில்லை. வெள்ளைக் கோட்டைப் போட்டதும் ஊர் கொடுத்த பட்டம் அது.

"டாக்டர், அவரு ஆத்துக்கு மேலயச் சொல்றாரு."

"ஆறா? வாய்க்குள்ள ஏதுக்கா ஆறு?"

"அதோ ஜன்னலுக்கு வெளிய ஓடுதே, அதுதான். மேலன்னா தண்ணி வர்ற பக்கம். கீழன்னா தண்ணி போற பக்கம். அவரு சொல்றது இடது பக்கத்துக் கடைவாய்ப் பல்லு. மாடின்னு சொல்லலல்ல, அப்ப அது தரைப்பல்லு. நீங்க குத்தினது மாடிப்பல்லு."

மாடிப்பல்! டாக்டர் ஐந்து வருடம் விழுந்து விழுந்து படித்த படிப்பில் அப்படியொரு பல் வரவே இல்லை. இடது பக்கம் கீழ் வரிசையில் பார்த்தால், சொத்தை குகை மாதிரி வாயைத் திறந்துகொண்டு இருந்தது. இன்னோர் ஊசி, இன்னொரு பாதி முகம். டிக்கெட்காரர் அன்று மாலை வரை யாருக்கும் மீதிச் சில்லறை சொல்ல முடியாமல் கையைக் காட்டியே டிக்கெட் கிழித்தார் என்று ஊர் முழுக்கச் சிரிப்பு.

சும்மா சொல்லக் கூடாது, அது விசித்திரமான ஊர்தான். இடது வலதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைகளும் பரீட்சையில் எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதற்கப்புறம் ஆயுசுக்கும் மேல், கீழ்தான். பேருந்தில் "கொஞ்சம் மேல தள்ளி உக்காருங்க" என்றால் தண்ணீர் வரும் பக்கமாக நகர வேண்டும். தையல்காரர் "கீழ்க்கை ஒரு விரல் நீளமா இருக்கு" என்பார். நீங்கள் திரும்பி நின்றால் அதே கை மேல்கை ஆகிவிடும். "கன்னத்துல மேல்பக்கம் சோறு ஒட்டியிருக்கு, தொடைச்சுக்க" என்று பெண்டாட்டி சொல்வாள், புருஷனும் சரியாகத் துடைத்துக்கொள்வான். ஜன்னலைச் சாத்தினாலும், ஆறு கண்ணுக்கே தெரியாத சமையலறை மூலையில் நின்றாலும், ஒருவருக்கும் தடுமாற்றம் கிடையாது.

"எப்படிக்கா தெரியுது?" என்று டாக்டர் கேட்டார்.

"உங்க மூக்கு எங்க இருக்குன்னு தேடிப் பாத்துட்டா டாக்டர் சொறியறீங்க?" என்றார் நர்சக்கா.

டாக்டருக்குச் சின்ன வயதில் வீட்டில் வைத்த பட்டப்பெயர் 'ஏன்'. மூன்று வயதில் கேட்க ஆரம்பித்தவர் முப்பத்து மூன்று வயதிலும் நிறுத்தவில்லை. வெயில் கண்ணைக் குத்துகிறது என்று ஒரு நாள் நாற்காலியை ஆற்றுப் பக்கத்தில் இருந்து சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். முந்தின நாள் "மேல் பல்லு" என்று சொல்லிப் பாதி அடைத்துக்கொண்டு போன பால்காரர், அன்று வந்து உட்கார்ந்து, அதே பல்லை யோசிக்காமல் "கீழ்ப் பல்லு" என்றார். டாக்டருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று வந்த எல்லோரையும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இங்க பல்லு பாக்கறோமா, ராட்டினம் சுத்தறோமா?" என்று நர்சக்கா முணுமுணுத்த பிறகுதான் நாற்காலி பழையபடி ஆற்றைப் பார்க்கத் திரும்பியது.

வில்லங்கம் பின்தெருவில் இருந்து வந்தது.

ஊரில் ஆற்றை ஒட்டி ஓடுவது கரைத்தெரு. டாக்டரின் மாடி அங்கேதான், செருப்புக்கடைக்கு மேலே. அதற்குப் பின்னால் சந்தைத்தெரு. ஊர் முடிகிற இடத்தில், எல்லாவற்றுக்கும் கடைசியாக, பின்தெரு. அங்கிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். "மேல் பல்லு" என்றார். இந்தத் தடவை ஏமாறுவாரா டாக்டர்? நேராக இடது பக்கம் போனார். அங்கே ஒன்றும் இல்லை. சொத்தை வலது பக்கம் இருந்தது. சரி, மனுஷர் வலியில் உளறுகிறார் என்று விட்டார். அடுத்த வாரம் பின்தெருவில் இருந்து ஒரு சலவைக்கார அம்மா. அவரும் வலது பல்லை மேல் என்றார். அப்புறம் ஒரு கல்லூரிப் பெண், அப்புறம் பால் பல் ஆடுகிற ஒரு வாண்டு. எல்லோரும் ஊருக்கு நேர்மாறு.

"அவங்க அப்படித்தான் டாக்டர்," என்று நர்சக்கா சிரித்தார். "கோணப்புத்தி. ஊரே மேலன்னா பின்தெரு கீழங்கும். பஸ்ல அவங்கள நகரச் சொன்னா நம்ம மடியில வந்து உக்காருவாங்க. அவங்களுக்குப் பொண்ணு குடுக்கவே ஜனங்க யோசிப்பாங்க."

"நீங்க எந்தத் தெருக்கா?"

நர்சக்கா கிண்ணத்தில் இருந்த பஞ்சைத் தேவையில்லாமல் அடுக்கினார். "பொறந்தது பின்தெருதான். கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்தப்புறம் மாத்திக்கிட்டேன். மாமியார் வீட்ல மேல் அடுப்பப் பத்த வைன்னா கீழ் அடுப்பப் பத்த வைப்பேன். சிரிச்சுச் சிரிச்சே என்ன நேராக்கிட்டாங்க."

நர்சக்காவின் கஷ்டம் என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொன்னால் கதை நிற்காது. அவர் வீட்டுக்காரர் மேஸ்திரி, கட்டட வேலை. நல்ல கைக்காரர் என்று ஒரு காலத்தில் பெயர். நர்சக்காவின் அண்ணன் ரொட்டிக்கடைக்காரர், பின்தெருவில் பிறந்த வீட்டுக்கு எதிர்ப்புறம் காலியாகக் கிடந்த இடத்தை வாங்கிப் புதிதாக வீடு கட்ட ஆசைப்பட்டார். வேறு யாரைக் கூப்பிடுவார்? தங்கச்சி புருஷனையே கூப்பிட்டார். மேஸ்திரியும் தன் சொந்த வீடு போல் பார்த்துப் பார்த்துக் கட்டினார். முதல் மழைக்காலம் முடிவதற்குள் பக்கச் சுவர் ஜன்னல் மூலையில் இருந்து தரை வரை பிளந்துகொண்டது. பூசினார்கள், மறுபடியும் பிளந்தது. இப்போது கையே நுழையும்.

அண்ணன் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, சிமென்ட்டில் மண்ணைக் கலந்தவன் என்று தங்கச்சி புருஷனைக் கேட்காத கேள்வி கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஊர் சும்மா இருக்குமா? 'விரிசல்' என்று மேஸ்திரிக்குப் பெயர் வைத்துவிட்டது. "விரிசல் வர்றாரு, சுவத்தப் பிடிச்சுக்கோங்க" என்று டீக்கடையில் கிண்டல். வேலை கொடுக்க ஒருத்தர் இல்லை. தொலைதூரத்தில் ஏதோ பெருநகரத்தில் கொத்து வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாதக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்புவதாக முடிவு. கரண்டியும் மட்டப்பலகையும் ஏற்கெனவே பையில் போய்விட்டன.

"போகணும்னு ஆசையாக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆசையாவது! இந்த ஆத்த விட்டா எனக்கு எது மேல எது கீழன்னே தெரியாது டாக்டர். ஆனா அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு நடக்கறதப் பாக்க முடியல," என்று நர்சக்கா சொல்லும்போதே அழுதுவிட்டார்.

இந்த அக்கா இல்லாமல் இந்த ஊரில் ஒரு வாயைப் புரிந்துகொள்ள முடியுமா? ஆனால் டாக்டரின் மண்டைக்குள் அந்த இன்னொரு 'ஏன்' குடைந்துகொண்டே இருந்தது. கோணப்புத்தி என்றால் ஆளுக்கு ஒரு கோணம் இருக்க வேண்டாமா? வாத்தியாருக்கும் சலவைக்கார அம்மாவுக்கும் பால் பல் வாண்டுக்கும் ஒரே கோணம் எப்படி வந்தது? வீம்புக்குப் பேசுகிறவன் ஒரு நாளாவது மறந்துபோய் நேராகப் பேசிவிடுவான். இவர்கள் வலியில் துடிக்கும்போதுகூட மாறாமல் நேர்மாறு.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னார். "பல்லப் புடுங்கப் போனியா, ஊர் வம்பப் புடுங்கப் போனியா?" என்று அம்மா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நர்சக்காவை இழுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனார்.

தெருவில் ஒரு பக்கம்தான் பழைய வீடுகள். எல்லா வீடும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே பார்த்தபடி நின்றன. ஊரில் வேறு எந்தத் தெருவும் இப்படி இல்லை. மற்றதெல்லாம் ஆற்றைப் பார்த்துத்தான் கதவு வைத்திருக்கும். வாசலில் இருந்து தெருவுக்கு இறங்கக் கல்படிகள். படிகள் தெருவோடு நிற்காமல், தார் சாலைக்குள் புதைந்து இன்னும் கீழே போகிற மாதிரி இருந்தன. வீட்டுச் சுவர்களில் ஆள் உயரத்தில் கனமான இரும்பு வளையங்கள். அவற்றில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள்.

"இது என்னக்கா?"

"மாட்டு வளையம். அந்தக் காலத்துல மாடு கட்டினது."

"இவ்ளோ உயரத்துலயா? கட்டினது மாடா ஒட்டகமா?"

நர்சக்கா வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறந்ததில் இருந்து பார்க்கிற வளையம். அந்தக் கேள்வியை அவரோ அவர் தெருவோ கேட்டதே இல்லை.

எதிர்ப்புறம், ரொட்டிக்கடைக்காரரின் புது வீடு மட்டும் தனியாக நின்றது. அதன் பின்பக்கம் நிலம் சற்றே தாழ்ந்து, நீளமாக, வளைந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. காய்கறித் தோட்டங்கள், ஒரு பந்து விளையாடும் இடம், மறுபடி தோட்டம். மழை பெய்து வெகு நாள் ஆகியும் அந்த வளைவு மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. அதன் இரண்டு ஓரமும் மேடு.

டாக்டர் நடந்தார், நின்றார், திரும்பிப் பார்த்தார், மறுபடி நடந்தார். அப்புறம் ஒரே ஓட்டமாக மருத்துவமனைக்குத் திரும்பி, கோணல் பல்லுக்குப் போடுகிற கம்பியில் ஒரு துண்டை வெட்டி, குறடால் வளைத்து மேசையில் வைத்தார்.

"இங்க பாருங்கக்கா. இதுதான் ஆறு. இப்படி ஊருக்கு முன்னால ஓடுது. ஒரு காலத்துல நேரா போகாம, ஏதோ மறந்துட்டு வந்தவங்க மாதிரி ஊரத் தாண்டினதும் இப்படித் திரும்பியிருக்கு. திரும்பி, உங்க பின்தெரு வாசல் வழியா, வந்த திசையிலயே ஓடியிருக்கு. அப்புறம் மறுபடியும் ஒரு வளைவு வளைஞ்சு போயிருக்கு. கரைத்தெருவுக்கு இது மேல்னா, பின்தெருவுக்கு எது மேல்?"

நர்சக்கா கம்பியின் மேல் விரலை வைத்து, தண்ணீர் போகிற மாதிரியே நகர்த்தினார். கரைத்தெருவில் இடமிருந்து வலம். வளைவு. பின்தெருவில் வலமிருந்து இடம். விரல் நின்றது.

"அய்யய்யோ," என்றார்.

"உங்க தெருவுக்குக் கோணப்புத்தி இல்லக்கா. அது படகு கட்டின வளையம். ஏதோ ஒரு பெரிய வெள்ளத்துல ஆறு நேரா ஒடைச்சுக்கிட்டு வேற வழில போயிடுச்சு. உங்காளுங்க பேச்ச மாத்தல, அவ்வளவுதான். யாருக்கும் ஞாபகம் இல்லாத ஆத்த உங்க தெரு வாயிலயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கு."

"அப்ப எங்க மாமியார் சிரிச்சது?"

"சும்மா சிரிச்சாங்க."

நர்சக்காவின் முகத்தில் முதலில் ஒரு வெற்றி வந்தது. அடுத்த நொடி அது மாறியது. விரலைக் கம்பியை விட்டு எடுக்காமலே கேட்டார். "டாக்டர், அப்ப எங்கண்ணன் வீடு எதுமேல நிக்குது?"

அதுதானே! முன்னறை பழைய கரைமேல். பின்னறை பழைய ஆற்றுக்குள். விரிசல் நடுவில்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கம்பியைக் காட்டினார்கள். துள்ளிக் குதிப்பார் என்று டாக்டர் நினைத்திருந்தார். அவர் குதிக்கவில்லை. கம்பியைப் பார்த்துவிட்டு, "முன்னறை அசையவே இல்ல டாக்டரம்மா. பின்னறைதான் எறங்குது. எனக்கு அது புரியவே இல்ல. ஒரே கலவை, ஒரே கை," என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானே ஏதோ கொறைச்சுட்டேனோன்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன். அஸ்திவாரத்துக்குக் கடகால் எடுக்கும்போது ரெண்டு பக்கமும் கெட்டி மண்ணுதான் வந்துச்சு. மேலாப்புல ஊர்க்காரங்க கொட்டி ரொப்பின மண்ணா இருந்திருக்கும். இன்னும் ஆழமாத் தோண்டிப் பாத்தாத்தான் தெரியும். ஆனா மச்சான் என்ன அந்த வாசல்ல நிக்க விடுவாரா? இதோட போகட்டும்மா. பஸ் டிக்கெட் எடுத்தாச்சு."

"நான் போய்ப் பேசறேன்," என்றார் டாக்டர்.

"வேணாம் டாக்டர். அண்ணன் ரொட்டிச் சட்டுவத்தத் தூக்கிட்டு வரும்," என்றார் நர்சக்கா.

போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நாலாம் நாள் காலை, ரொட்டிக்கடைக்காரரே கன்னம் பந்து மாதிரி வீங்கி மாடிப்படி ஏறி வந்தார். தங்கச்சி வேலை பார்க்கிற இடம் என்று எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாரோ! கடிக்க முடியாத நிலைமை வந்ததும்தான் வந்திருக்கிறார். வாசலில் நர்சக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டாக்டரம்மா, அந்தம்மாவக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. நான் உள்ள போகணும்."

"டாக்டர், தாராளமாப் போகச் சொல்லுங்க," என்றார் நர்சக்கா.

நாற்காலியில் சாய்ந்தார். "மேல் கடைவாய்ப் பல்லு," என்று சொல்லிவிட்டு, வழக்கமான சண்டைக்குத் தயாராகக் கையை இறுக்கினார். டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக வலது பக்கம் கீழே கண்ணாடியைக் கொண்டுபோய்ச் சொத்தைப் பல்லைத் தொட்டார்.

ரொட்டிக்கடைக்காரர் கண்ணை அகலத் திறந்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நாப்பது வருஷத்துல இந்த ஊர்ல எவனும் நான் சொன்னத முதல் தடவையில புரிஞ்சுக்கிட்டதில்ல."

"நீங்க சரியாத்தானே சொன்னீங்க?"

"சரியா! பள்ளிக்கூடத்துலயே என்னக் கோணல்னுதான் கூப்பிடுவானுங்க."

"வாயத் தெறங்க. ஊசி போட்டுட்டு ஒரு கதை சொல்றேன்."

ஊசி வேலை செய்ய நேரம் பிடிக்குமே, அந்த நேரம் போதாதா! வாயில் பஞ்சு, நெஞ்சில் துண்டு, தலைக்கு மேல் விளக்கு. எழுந்து போக முடியாது, எதிர்த்துப் பேசவும் முடியாது. டாக்டர் கம்பியை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து ஆற்றைத் திருப்பிக் காட்டினார். படிகள், வளையம், பச்சை வளைவு, எல்லாம் சொன்னார். ரொட்டிக்கடைக்காரர் "ஆ" என்றார், "ஊ" என்றார். பின்தெரு சொல்வதுதான் பழைய சரி என்று கேட்டபோது அவர் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பட்டது எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்கும், பாவம்.

அடுத்தது தன் வீடு என்று அவருக்குப் புரிந்த இடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மூடினா எப்படிங்க?" என்றார் டாக்டர். "இந்த ஆறு அங்க ஓடலன்னா, நீங்க கோணல், அவரு திருடர். ஓடிச்சுன்னா, நீங்களும் நேரு, அவரும் நேரு. உங்களுக்கு வேண்டியத மட்டும் எடுத்துக்கிட்டு மத்தத விட முடியாது."

நர்சக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கையில் இருந்த தட்டை டங்கென்று வைத்தார். "உன் வீடு, உன் கோவம், எல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும்ணே. அவரு மண்ணக் கலந்தாரா இல்லையான்னு ஒரே ஒரு தடவ தோண்டிப் பாரு. இல்லன்னு தெரிஞ்சா ஊருக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லு. நாங்க போயிடறோம். பேரோட போறோம்."

பல் வந்தது. ரொட்டிக்கடைக்காரர் பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்தார். படி வரை போனவர், தங்கச்சியைப் பார்க்காமல், மரத்த வாயால் கொழகொழவென்று சொன்னார். "தோண்டத் தெரிஞ்சவன்தானே? வந்து தோண்டச் சொல்லுங்க டாக்டரம்மா."

அந்த ஞாயிறு பின்தெரு முழுக்கக் கூட்டம். கரைத்தெருவில் இருந்துகூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். டிக்கெட்காரர் படகையே கட்டிப் போட்டுவிட்டு வந்திருந்தார். மேஸ்திரி முதலில் முன்னறை மூலையை ஒட்டித் தோண்டினார். மஞ்சள் மண், கெட்டியாக. கடப்பாரை டங் டங் என்றது. நெஞ்சளவு போயும் அதே மண்தான். பிறகு பின்னறைப் பக்கம் வந்தார். மேலே கெட்டி மண், உடைந்த செங்கல், ஓட்டாஞ்சில்லு. கூட்டத்தில் ஒருவன் "விரிசல் கடைசில பாதாளத்துக்கே போயிடும்போல" என்றான். சிலர் சிரித்தார்கள். மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை.

இடுப்பு ஆழத்துக்குக் கீழே கடப்பாரையின் சத்தம் நின்றுவிட்டது. அது மண்ணுக்குள் சொருகிக்கொண்டு போனது, யாரோ உள்ளே இருந்து இழுத்துக்கொண்ட மாதிரி. மேஸ்திரி மண்வெட்டியை எடுத்தார். கருகருவென்று வண்டல். வழவழவென்று உருண்டைக் கற்கள். அப்புறம் ஒரு கை நிறைய ஆற்றுக் கிளிஞ்சல். நெஞ்சளவு ஆழத்தில் குழியின் அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. டாக்டர் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். ஊறிய தண்ணீரில் ஒரு துரும்பு மிதந்தது. அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அவருக்கு ஒரே ஆவல். அது எந்தப் பக்கமும் போகவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி குழிக்குள் நின்றபடி கிளிஞ்சல்களைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் திருடன் இல்லை என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. நர்சக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் விரிசலைப் பார்த்துக்கொண்டு, அடித்து வைத்த முளை மாதிரி நின்றார். ஒரு வார்த்தை! அதற்குத்தானே இத்தனையும்? மனுஷர் வாயைத் திறக்கவே இல்லை.

அந்த நேரத்தில் குழியின் ஓரம் விண்டது. தோண்டிப் போட்ட மண்ணின் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் முழுசாக உள்ளே சாயத் தொடங்கியது. மேஸ்திரி அதற்கு முதுகைக் காட்டி நின்றார்.

"மாப்ளே!" என்று அலறினார் ரொட்டிக்கடைக்காரர். "மேல! மேல வா!"

மேஸ்திரி பிறந்தது கரைத்தெரு. ஆயுசு முழுக்க அவருக்கு மேல் என்பது எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் இப்போது மண் சரிந்துகொண்டிருந்தது. கல்யாணமான நாளில் இருந்து பெண்டாட்டி சொன்ன கோணல் 'மேல்' திசையைக் கேலி பண்ணியவர்களில் அவரும் ஒருவர். அவர் யோசிக்கவில்லை. பின்தெருவின் மேல் பக்கமாக ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். அவர் நின்ற இடம் மூடிக்கொண்டது. ரொட்டிக்கடைக்காரர் படுத்துக் கையை நீட்டி அவர் தோளைப் பிடித்தார். இரண்டு பேருமாக மண்ணில் புரண்டு வெளியே வந்து விழுந்தார்கள்.

நம் டாக்டருக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்குமா? "மேஸ்திரி, உங்களுக்கு மேலன்னா அந்தப் பக்கம்ல? எப்படி இந்தப் பக்கம் பாய்ஞ்சீங்க?"

மேஸ்திரி மூச்சு வாங்கினார். கையில் இன்னும் அந்தக் கிளிஞ்சல்கள் இருந்தன. "கூப்பிட்டது மச்சான்மா," என்றார்.

ரொட்டிக்கடைக்காரர் ஊர் பார்க்க உட்கார்ந்து அழுதார். பல் பிடுங்கின வலி என்று யாரோ கேட்டதற்குச் சொன்னார். பல் பிடுங்கி மூன்று நாள் ஆகி, வலி எப்போதோ போயிருந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு தங்கச்சியை நேராகப் பார்த்தார்.

"ஊருக்குப் போறாங்களாம், ஊருக்கு! அப்புறம் இந்த வீட்டப் பிரிச்சு யாரு கட்டறது? போ பாப்பா, கட்டி வெச்ச பைய அவுத்து, கரண்டியக் கொண்டு வா."